அவரே சொல்லட்டும்

பழைய சாமான் ஏலக் கூடத்தில் அவளுக்குக் குறைக்காரம்மா என்று பெயர். ஊரையெல்லாம் குறை சொல்லித் திரிகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசியே பழக்கமில்லாதவள். ஏலத்துக்கு வருகிற அலமாரி, கடிகாரம், கட்டில், தையல் மெஷின் எல்லாவற்றையும் பின்னறையில் வைத்துத் துடைத்து, திறந்து மூடி, தட்டிப் பார்த்து, தலைகீழாகக் கவிழ்த்து, எதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இழுப்பறை சிக்குகிறதா, மரம் செல்லரித்திருக்கிறதா, பூட்டுக்குச் சாவி இருக்கிறதா, எதுவும் அவள் விரலுக்குத் தப்பாது. கண்டதைத் திரைக்குப் பின்னால் நின்று புருஷன் காதில் போடுவாள். அவர் மேடையேறி அதைக் கூடம் முழுக்கக் கேட்கச் சொல்வார்.

புருஷனுக்குச் சுத்தியல் என்று பெயர். ஏலம் விடுகிறவர் கையில் வைத்துத் தட்டுகிற மரச் சுத்தியலே ஆளுக்கும் பெயராகிவிட்டது. குறையை முதலில் சொல்லிவிட வேண்டும், அப்புறம்தான் விலை பேச வேண்டும் என்பது அவர் கட்சி. மற்ற கூடங்களில் குறையை மூடி மறைத்து விற்றார்கள். இவர் குறையை வைத்தே விற்றார். "இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். வந்த விருந்தாளி சீக்கிரம் கிளம்பணும்னா இதுல உக்கார வைங்க" என்பார். "இந்தக் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கும். ஆபீசுக்கு லேட்டாப் போறவருக்கு வீட்டுலயே ஒரு சாட்சி" என்பார். சிரிக்கிறவன் கை தானாக உயரும். அந்தச் சிரிப்புக்காகவே ஒன்றும் வாங்காமல் வந்து உட்காருகிறவர்களும் உண்டு.

இந்த வாய் வீட்டுக்கு வந்ததும் ஓய்ந்துவிடும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நல்ல மனசு. அவள் "இன்னிக்கு" என்று ஆரம்பித்தால் போதும், இன்றைக்கு என்ன என்பதை அவரே சொல்லி முடித்து, அதற்கு ஒரு கிண்டலும் சேர்த்து, அடுத்த பேச்சுக்குத் தாவியிருப்பார். காய்ச்சல் வந்தால் எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் அவள் சொன்னதில்லை, அவர்தான் சொல்வார். பாதி நேரம் சரியாகவே சொல்வார் என்பதுதான் அவளுக்கு எரிச்சல். ஆனாலும் அவளுக்கு அவரைப் பிடிக்கும். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஒரு நாள் காலை, நிரம்பிய கூடத்தில், ஒரு தையல் மெஷினைப் புகழ்ந்துகொண்டிருந்தவருக்குப் பேச்சு நடுவிலேயே குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையிலிருந்து சுத்தியல் நழுவியது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் தப்பித்தது. கை கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. வாயும் நேராகிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை.

அவருக்கு எல்லாம் புரிந்தது. யாராவது ஜோக் சொன்னால் சரியான இடத்தில் சிரித்தார். என்ன வேண்டும் என்பதும் தெரிந்தது, அதன் பெயர்தான் வாசல் வரை வந்து நின்றுகொண்டது. தண்ணீர் என்று சொல்ல வாயெடுத்து, "த... த..." என்று தவித்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையை விசிறிவிடுவார். வாய் ஓயாத மனுஷன் இப்படித் தவிப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் அப்படியே மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஒரு நாள், யாரும் கேட்காமலே, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கணீரென்று சொன்னார். பார்க்க வந்திருந்த ஏலக் கூடத்து முதலாளி துள்ளி எழுந்துவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் எதையும் பொறுத்திருந்து பார்க்கிற ஜாதி இல்லை.

"பாத்தீங்களாம்மா, சுத்தியல் சரியாயிட்டாரு" என்றார். "வீட்டுக்கு வந்ததும் நேரா மேடைக்கு வரச் சொல்லுங்க."

ஆயிரம் தடவை சொல்லித் தேய்ந்த சொல் அது. தானாக உருண்டு வரும், அதற்கு யோசிக்கிற மூளை வேண்டியதில்லை என்று டாக்டர் எச்சரித்தார். அவள் முதலாளி பேச்சைத்தான் நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

மேடையேறின அன்றைக்கு முதல் சாமான் ஓர் ஆளுயரக் கண்ணாடி. நல்ல தேக்குச் சட்டம், கீழ் மூலையில் மட்டும் ரசம் போயிருந்தது. வழக்கம்போல அவர் காதில் சொல்லி அனுப்பினாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார். "க... க..." என்றார். முகம் சிவந்தது. பிறகு, யாரும் ஒரு விலையும் கேட்காத கூடத்தில், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று மடமடவென்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார்.

புது வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அவர் இறங்கி வந்து, திரைக்குப் பின்னால் நின்றிருந்தவள் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தார். நீ போய்ப் பேசு என்று அதற்கு அர்த்தமில்லை. இனி எனக்கு வேண்டியதில்லை என்றுதான் கொடுத்தார்.

கூடம் காத்திருந்தது. முதலாளி கையைப் பிசைந்தார். அவள் எப்படி மேடையேறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கண்ணாடியை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த சாமானைப் பார்த்தாள்.

"இரும்புப் பெட்டி" என்றாள். "பூட்டு நல்ல பூட்டு. சாவி இல்ல." என்ன சொல்வதென்று தெரியாமல், "திருடன் வந்தா அவனுக்கும் இதே கஷ்டம்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கூடம் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒருகணம் திரும்பிப் பார்த்துவிட்டாள். அவளுக்குத்தான் அந்தச் சிரிப்பு. பெட்டி நல்ல விலைக்குப் போயிற்று. அன்று மாலைக்குள் எல்லாமே போயிற்று, அந்தக் கண்ணாடி ஒன்றைத் தவிர. ராசியில்லாதது என்று அதைப் பின்னறைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் மேடை அவளுடையதாயிற்று. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகச் செய்தாள். இத்தனை வருஷம் அடுத்தவர் காதில் ஓதினதை நேரடியாகச் சொல்லப்போகிறாள், வேறென்ன. வீட்டிலும் அப்படியே ஆயிற்று. அவர் "த..." என்றதும் தண்ணீர் வந்தது. "ஜ..." என்றதும் ஜன்னல் மூடியது. யாராவது நலம் விசாரித்தால் அவர் மூச்சிழுப்பதற்குள், "பரவாயில்லைங்க, ராத்திரி நல்லாத் தூங்கினாரு" என்று பதில் போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்கு உதவி செய்வதாகத்தான் அவள் நினைத்தாள். கொஞ்ச நாளில் அவர் மூச்சிழுப்பதையும் விட்டுவிட்டார்.

கூடத்து வாசலில் ஏலம் விடுபவர் பெயர் எழுதிய பலகை ஒன்று உண்டு. உள்ளே போகும்போது தினமும் அதை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போவது அவர் பழக்கம். பேச்சுப் போன பிறகும் அது போகவில்லை. ஒரு நாள் முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளைக்கும்மா பேரு ஒண்ணு, ஆள் ஒண்ணு? வருஷக் கடைசிப் பெரிய ஏலத்துலேருந்து பலகையில உங்க பேரை எழுதிடறேன்" என்றார்.

அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடியே அந்த விரல் ஞாபகம் வந்தது. அந்தப் பெயரையும் அழித்துவிட்டால் அவர் மொத்தமாக உட்கார்ந்துவிடுவார் என்பது அவளுக்கு நிச்சயம்.

"பெரிய ஏலத்துல அவரு ஒரு தடவை ஏறிப் பாக்கட்டும்" என்றாள். "முடியலைன்னா எழுதுங்க."

அந்த வாரமே டாக்டர் காந்தச் சிகிச்சையைப் பற்றிச் சொன்னார். மறுவாழ்வுப் பிரிவில் புதிதாக வந்திருக்கிறது, தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுவது, கத்தி வைப்பதில்லை, மயக்க மருந்து இல்லை, கூடவே பேச்சுப் பயிற்சி தினமும் உண்டு என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு "சரிங்க, அவருக்குச் சம்மதம்தான்" என்றாள். அவரை யாரும் கேட்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவேயில்லை.

அந்த அறையில் பல் டாக்டர் நாற்காலி மாதிரி சாய்வு நாற்காலி ஒன்று, பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, அதிலிருந்து தடித்த கேபிளோடு ஒரு கைப்பிடி. கைப்பிடி நுனியில் இரண்டு வளையங்கள் ஒட்டியிருந்தன, மூக்குக்கண்ணாடிச் சட்டம்போல. இத்தனை சாமான் பார்த்த கண், சும்மா இருக்குமா? கேபிள் பிளாஸ்டிக் எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். வெடித்திருக்கவில்லை.

மெஷினை இயக்குகிறவர் உயரமான, அவசரமே படாத ஆள். பக்கத்தில் பேச்சுப் பயிற்சி டீச்சர், சின்ன வயசுப் பெண், உட்கார்ந்திருந்தாள். சாவி, மோதிரம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போடச் சொல்லிவிட்டு, மெஷின்காரர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் ஏதாவது வச்சிருக்கா?"

"இல்லைங்க" என்றாள் அவள்.

"தலையில உலோகத் தகடு, கிளிப்?"

"அதெல்லாம் கிடையாது."

"எப்பவாவது வலிப்பு வந்திருக்கா?"

"ஒரு தடவைகூட இல்லைங்க."

"இப்ப எப்படி இருக்கு உங்களுக்கு?" என்று டீச்சர் அவரைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் பயம்."

"அம்மா" என்றாள் டீச்சர், சிரித்துக்கொண்டே, "அவரே சொல்லட்டும்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் மெதுவாக உதட்டைக் குவித்து, விரித்து, "ப..." என்றார். பயம் என்றுதான் அவரும் சொல்லப் பார்த்தார். சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேனே என்று அவள் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

தலையில் துணிக்குல்லாயைப் போட்டு, அதன் மேல் பேனாவால் புள்ளி வைத்து, காதில் பஞ்சடைப்பான் செருகினார்கள். மெஷின்காரர் சுருளை வலது பக்கத் தலையில் வைத்து, டக் என்று ஒரு துடிப்பு கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் நகர்த்தினார், மறுபடி டக். அவருடைய இடது கைக் கட்டைவிரல் தானாக ஒரு துள்ளு துள்ளியது. அவர் திடுக்கிட்டு விரலைப் பார்த்தார். இந்த இடத்தையும் பலத்தையும் வைத்துத்தான் இவருக்கு எவ்வளவு போதும் என்று கணக்கிட வேண்டும் என்றார் மெஷின்காரர். பிறகு சுருளைக் கொஞ்சம் முன்னால், நெற்றிப் பொட்டுக்கு மேலே தள்ளினார். அதுவும் வலது பக்கம்தான்.

அவள் எழுந்துவிட்டாள். கீறலைக் கண்டுபிடித்த குரலில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். "அடைப்பு வந்தது இடது பக்கம். நீங்க வலது பக்கத்துல வச்சிருக்கீங்க."

மெஷின்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தாம்மா கேக்கறீங்க. ஆனா வைக்க வேண்டியது இங்கதான்" என்றார். "மூளையில ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு கொஞ்சம் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கும். இடது பக்கம் அடிபட்டதும் வலது பக்கம் உதவிக்கு ஓடி வந்துது. நல்ல எண்ணத்துலதான் வந்துது. ஆனா வந்தது நகரவே இல்ல. இப்ப இடது பக்கம் மெல்ல எழுந்து ஒரு வார்த்தை சொல்லலாம்னு பாக்குது. அதுக்குள்ள இது குறுக்க விழுந்துடுது. துடிப்பை வேகமாக் கொடுத்தா ஒரு இடம் சுறுசுறுப்பாகும், மெதுவாக் கொடுத்தா அடங்கும். நாம மெதுவாக் கொடுத்து இதைக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வைக்கப் போறோம்."

அவள் முகம் தொங்கிப் போயிற்று. "என்னைச் சொல்றீங்களா?" என்றாள்.

"மூளையைச் சொன்னேம்மா" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

நாற்காலியில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். குல்லாய் நகர்ந்துவிட்டது, மறுபடி புள்ளி பார்த்து வைக்க வேண்டியிருந்தது. அந்த மேடையில் அவமானப்பட்ட பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் மெஷின்காரர் மறைக்காமல் சொன்னார். "எல்லாருக்கும் இப்படித்தான்னு இல்லைம்மா. சிலருக்கு அந்த வலது பக்கம்தான் கடைசிவரைக்கும் கைகொடுக்கும். டாக்டர் இவரோட ஸ்கேனைப் பாத்துட்டுத்தான் இப்படி எழுதியிருக்காரு. அப்புறம், மெஷின் பேச வைக்காது. இது முடிஞ்ச சூட்டோட டீச்சர் வேலை வாங்குவாங்க. அதுதான் பேச வைக்கும்."

டக், டக் என்று நிதானமாக அது தட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும், அவர் புருவம் லேசாக ஆடியது. முடிந்ததும் அப்படியே பக்கத்து அறைக்குப் போய் டீச்சர் எதிரில் உட்கார்ந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டீச்சர் ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கடிகாரம். அவர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடி... கடிகாரம்" என்றார். அடுத்தது கதவு. "க... கதவு." அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர் மட்டும் அட்டையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அம்மா, நீங்க உதட்டை அசைக்கறீங்க. அவரு படத்தைப் பாக்கலை, உங்க வாயைப் பாக்கறாரு."

"நானா? நான் வாயைத் திறக்கவே இல்லையே."

"அ...சை...க்கிற" என்றார் அவர். மெல்ல, திக்கித் திணறி, ஆனால் யார் உதவியும் இல்லாமல். புருஷன் நெடுநாள் கழித்துச் சொந்தமாகச் சொன்ன முதல் சொல் அவள்மேல் ஒரு புகார்.

அதிலிருந்து அவள் நாற்காலி அவருக்குப் பின்னால், சுவர் ஓரமாகப் போயிற்று. அங்கே உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் விடை அவள் நாக்கு நுனியில் வந்து துடித்தது. இருமினால்கூட டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் பின்னால் போனதும் அவருக்கு எல்லாமே கஷ்டமாயிற்று. சில நாள் ஒரு சொல்லும் வராமல் வீடு திரும்பினார்கள். ஒரு நாள் டீச்சர் நாற்காலிப் படத்தைக் காட்டினாள். அவர் அதை உற்றுப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு, "கால்" என்றார்.

"கால் இல்லைங்க. முழுசாப் பாருங்க. இதுக்குப் பேரு என்ன?"

"கால்... ஆடும்" என்றார் அவர், விடாமல்.

சுவர் ஓரத்தில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். வரைந்தவர் ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாக வரைந்திருந்தார். டீச்சர் சிரித்துவிட்டாள். "அப்ப உங்களுக்குப் பேரை விடக் குறைதான் முதல்ல வருமா? சரி, அந்த வழியாவே போவோம்" என்றாள். மறுநாள் ஒரு பை நிறையக் கைப்பிடி உடைந்த கோப்பை, பல் போன சீப்பு, முள் நின்ற கைக்கடிகாரம் என்று கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். சீப்பைத் தூக்கினாள். "பல்லு... இல்ல" என்றார். அப்புறம் தானாகவே, "சீப்பு" என்றார். குறை கதவைத் திறந்துவிட, பேர் அதன் பின்னாலேயே வந்தது.

வீட்டில் பயிற்சி அவளுக்குத்தான். அவர் கையைத் தூக்கிக் காட்டும்வரை சொல்லைக் கொடுக்கக்கூடாது என்று டீச்சர் கட்டளை. சாப்பாட்டு மேஜையில் அவர் "உ..." என்பார். உப்பு அவள் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கும். அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு ஆறும். அவர் முறைப்பார். அவளும் முறைப்பாள். "உப்...பு" என்று வந்ததும் இருவரும் ஒரு சண்டை முடிந்தவர்கள்போலச் சாய்ந்து உட்காருவார்கள். பக்கத்து வீட்டுக்காரி, புருஷனுக்கு உப்புகூட எடுத்துக் கொடுக்காதவள் என்று பேசினாள். பேசிவிட்டுப் போகட்டும்.

வெளியே சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு நாள் மெஷின்காரர் சுருளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது, புருஷன் டீச்சரோடு உள்ளே இருந்த நேரத்தில், சொல்லிவிட்டாள்.

"அவரு பேசணும்னுதான் தினமும் கூட்டிக்கிட்டு வர்றேன். அவருக்குப் பேச்சு வந்துட்டா நான் மேடையை விட்டு இறங்கணும். அதை நினைச்சா ராத்திரி அழுகை வருதுங்க. நான் கெட்டவளா?"

மெஷின்காரர் கொஞ்ச நேரம் கேபிளைச் சுற்றினார். "வலது பக்கத்தை நாங்க வெட்டி எறியறதில்லைம்மா" என்றார். "கொஞ்ச நேரம் அமைதியா இருக்கச் சொல்றோம். அவ்வளவுதான்."

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. முழுக்கப் புரிந்தது என்று சொல்ல முடியாது.

சிகிச்சை முடிகிற சமயத்தில் அவருக்கு இரண்டு மூன்று சொல் கோத்துப் பேச வந்திருந்தது. மெதுவாக வரும், இடையில் நிற்கும், ஆனால் வரும். எண்கள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. இருபது என்று நினைத்தால் ஐம்பது என்று வந்தது. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார், பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

பெரிய ஏலத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. அவர் வாசலில் பலகையை ஒரு விரலால் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். பின்னறைக்குப் போய், சுவரில் சாய்ந்திருந்த அந்த ஆளுயரக் கண்ணாடியைக் காட்டி, "இது... முதல்ல" என்றார். ராசியில்லாததைப் போய் முதலில் வைப்பதா என்று முதலாளிக்கு மனசே இல்லை. அவளுக்கும்தான். ஆனால் சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் தன் உதடு படாத இடமாகப் பார்த்து, மேடைக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். காதில் எதுவும் சொல்லவில்லை.

அவர் ஏறினார். கண்ணாடியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

முன்வரிசையில், பழைய கடிகாரமாகப் பார்த்து வாங்கிப்போகிற கடிகாரக்கடைக்காரர் நெளிந்தார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முதலாளி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார், நீங்க ஏறுங்க என்று. "அம்மா, ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்களேன்" என்று கடிகாரக்கடைக்காரர் கெஞ்சினார். சொல் அவள் நாக்கில்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, அதையும் துடைக்கவில்லை.

"ஒரு..." என்று ஆரம்பித்தார் அவர். அந்தப் பழைய சொல் மறுபடி உருண்டு வருகிறது, இதோ சுத்தியல் விழப்போகிறது.

அவர் வாயை மூடினார். வந்த சொல்லை விழுங்கினார். அதை அவள் கண்ணால் பார்த்தாள். ஆழமாக மூச்சிழுத்து, கண்ணாடியின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"ரசம்... போச்சு" என்றார். "மூலையில." ஒரு நீண்ட இடைவெளி. "கண்ணாடி. தேக்கு." அப்புறம் கூட்டத்தை நேராகப் பார்த்து, தன் நெஞ்சில் விரலை வைத்தார். "இங்கயும்... குறை உண்டு. பேச்சு... மெதுவா வரும். மத்ததெல்லாம்... நல்ல சாமான்."

கடிகாரக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பிறகு கூடமே சிரித்தது, அந்தப் பழைய சிரிப்பு. அந்தக் கண்ணாடியை வாங்கியே தீருவது என்று கடிகாரக்கடைக்காரர் கையைத் தூக்க, பின்வரிசையில் இன்னொருவர் தூக்க, விலை ஏறத் தொடங்கியது. மேடையில் நின்றவர் அவள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"விலை... நீ சொல்லு."

அவர் கேட்டுவிட்டார், இனித் தடையில்லை. அவள் ஏறி அவர் பக்கத்தில் நின்று விலைகளைச் சொன்னாள். போட்டி அடங்கியதும் அவர் அந்தப் பழைய சொல்லைச் சொன்னார், சொல்ல வேண்டிய இடத்தில், நிதானமாக, ஒவ்வொரு தரத்துக்கும் கூட்டத்தைப் பார்த்து. சுத்தியல் விழுந்தது. மாலைவரை அப்படியே போயிற்று. குறை அவர் சொன்னார், விலை அவள் சொன்னாள், கேலி யாருக்கு முதலில் வாய்த்ததோ அவர் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் முதலாளி ஓடி வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

"ஜெயிச்சுட்டீங்க சுத்தியல். பலகையில ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். உங்க பேரு அப்படியே இருக்கும். அம்மா பழையபடி பின்னறையைப் பாத்துப்பாங்க. மேடையில நின்னு நின்னு அவங்களுக்கும் கால் வலிதான், இல்லீங்களா? அவங்களுக்கும் அதுதான் சௌகரியம்."

அவள் வழக்கம்போலத் தலையாட்டப் போனாள். புருஷன் கையை உயர்த்தினார்.

"அவளே..." என்றார். நின்றார். முதலாளி அதற்குள் "அதான் அவங்களும்" என்று ஆரம்பிக்க, அவர் விடவில்லை. "அவளே... சொல்லட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். தினமும் ஒரு கூடத்தையே சிரிக்க வைத்தவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆரம்பித்ததையெல்லாம் முடித்து வைத்த மனுஷன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விடை தெரியும். தெரிந்தும், உதட்டைக்கூட அசைக்காமல் காத்திருந்தார்.

"எனக்கும் மேடை வேணும்" என்றாள்.

பலகையில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க முதலாளி வாசலுக்குப் போனார்.